தள்ளாட்டம் தங்கப்பழம் பேசித் தீர்ந்த கதை

செத்துப்போன தங்கப்பழம் அண்ணாச்சி எங்க ஊர் முக்கு ரோட்டு விளம்பர போர்டுல இருந்து இறங்கி வந்தது ஒரு ஆடி அமாவாசை அன்னைக்கு, சாயங்காலம், மார்க்கெட் பஸ் வந்து ஆளை இறக்கி விட்டுட்டுப் போன பிறகு, அதுவும் எங்க வீட்டு ஆளு செஞ்ச வேலையால, அதனால இந்தக் கதையை ஊர்ல வேற யாரு சொன்னாலும் நீங்க நம்ப வேண்டாம், என்கிட்ட கேட்டுக்கோங்க.

தங்கப்பழம் யாருன்னு தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்றேன். சினிமாவுல குடிகாரனா நடிச்சே பேரு வாங்கின ஆளு. சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு, ஒத்தச் செருப்போட வந்து லைட்டுக் கம்பத்தைக் கட்டிப்பிடிச்சு அதுகிட்டயே வீட்டுக்கு வழி கேப்பாரு, தியேட்டரே குலுங்கும். தள்ளாட்டம் தங்கப்பழம்னு ஜனங்களே வச்ச பேரு அது. நிஜத்துல ஒரு சொட்டு தொட்டவரில்லை. அவரு அப்பா குடிச்சுட்டு கம்மாய்க்கரையில தடுக்கி விழுந்து செத்த மனுசன், அந்தத் தள்ளாட்டத்தைத்தான் சின்ன வயசுல வாசல்ல நின்னு பாத்துப் பாத்து மனசுல ஏத்தி வச்சிருந்து படத்துல ஆடினாரு. இது ஊருக்கே தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோசனம், திரையில பாத்ததைத்தான் கண்ணு நம்புது.

அவரு சம்சாரம் செல்லக்கனி மதினி என் வீட்டுக்கு எதிர்த்த வீடு. பிள்ளைகுட்டி கிடையாது. நான் வாசல்ல தையல் மிஷின் போட்டு உக்காந்திருப்பேன், அவுக ஜன்னல்ல உக்காந்திருப்பாக, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ரோடு, அவ்வளவுதான். ஒரு நாள் ஒரு கார் வந்து நின்னுச்சு, அதுல இருந்து கௌதம்னு ஒரு மேனேஜர் தம்பி இறங்கினான், ராஜகம்பீரம் பிராந்திக் கம்பெனி ஆளு. பிராந்தியை போர்டுல போட சட்டம் விடாது, அதனால அதே பேருல சோடான்னு விளம்பரம் பண்ணுவாங்க, அந்த சோடாவை எந்தக் கடையிலயும் எவனும் கண்ணால பாத்ததில்லை. அண்ணாச்சியைக் கம்ப்யூட்டர்ல திரும்ப உண்டாக்கப் போறோம், நீங்க சம்மதிக்கணும்னு அந்தத் தம்பி சொன்னப்போ, மதினி வேற எதுவும் கேக்கலை.

"அவுகளைப் பாக்கலாமா?"

"தினமும் பாக்கலாம் மேடம், பேச்சு சத்தத்தோட."

"சோடாதானே?"

"சோடாதான் மேடம்."

கையெழுத்துப் போட்டுட்டாக. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தம்பியை நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டிருப்பேன், ஆனா மதினி முகத்தைப் பாத்தேன், பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன். புருசன் செத்து அத்தனை வருசம் கழிச்சு ஒரு பொம்பளை முகத்துல அப்படி ஒரு ஆசை தெரிஞ்சா என்னத்தைச் சொல்ல.

போர்டு வந்துச்சு. ராத்திரி பகல்னு இல்லாம வெளிச்சம் அடிக்கிற போர்டு. அதுல அண்ணாச்சி ஒரு கிளாஸைத் தூக்கிப் பிடிச்சு, "ஒரு வாய் ஊத்துனா ஊரே நம்ம வீடு"ம்பாரு, அப்புறம் நகைக்கடைப் பொண்ணு வந்து வளையலை ஆட்டிட்டுப் போவா, திரும்பவும் அண்ணாச்சி வருவாரு. மதினி ஜன்னல்ல இருந்து பாத்தா போர்டோட ஓரம் மட்டும் தெரியும், கிளாஸ் பிடிச்ச அந்தக் கை மட்டும். அதையே பாத்துக்கிட்டு இருப்பாக.

இப்ப எங்க வீட்டு ஆளு கதைக்கு வாறேன். எங்க பக்கத்துல அமாவாசைப் படையல்னா செத்தவுகளுக்கு உயிரோட இருக்கையில எது பிடிச்சுதோ அதை இலையில வைப்போம். வெத்தலை பிடிச்சவுகளுக்கு வெத்தலை, பீடி பிடிச்சவுகளுக்கு பீடி, குடிச்சவுகளுக்கு ஒரு குவாட்டர். எங்க மாமனாருக்கு வருசா வருசம் குவாட்டர்தான். அந்த வருசம் எங்க வீட்டு ஆளு, சுயம்புன்னு பேரு, அப்பாவுக்கு வச்சுட்டு, தங்கப்பழம் அண்ணாச்சிக்குப் பிள்ளையா குட்டியா, பாவம் யாரு வைப்பான்னு திடீர்னு உருகிப்போயி, இன்னொரு குவாட்டரை வாங்கிட்டுப் போயி போர்டுக்குக் கீழ இலை போட்டு, ஊறுகாய் வச்சு, சூடம் காட்டிட்டாரு. அண்ணாச்சிக்குப் பிடிச்சது கருப்பட்டிக் காப்பியும் பனங்கிழங்கும்னு எதிர்த்த வீட்டுல கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாக. கேக்கலையே. படத்துல என்ன குடிச்சாரோ அதுதானே பிடிக்கும்னு நெனைச்சுட்டாரு.

சூடம் அணையிறதுக்குள்ள அண்ணாச்சி கிளாஸைக் கீழ வச்சுட்டு, போர்டுக் கம்பியைப் பிடிச்சு, ஒத்தச் செருப்புக் காலால துழாவித் துழாவி இறங்கி வந்து, "மாடியில இருந்து விழுந்தவனைக் கேளு, தரை எவ்வளவு நல்லவன்னு சொல்லுவான்"னு ஒரு பழைய படத்து வசனத்தைச் சொல்லிக்கிட்டே இலைக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்தாரு. பக்கத்துல பாலத்துச் சுவர்ல உக்காந்திருந்தவங்க சிரிச்சாங்க. எங்க வீட்டு ஆளு நகந்து இடம் விட்டாரு. அவ்வளவுதான் நடந்தது. யாரும் ஓடலை, யாரும் மயக்கம் போட்டு விழலை. கூப்பிட்டா வருவாங்கன்னுதானே படையல் வைக்கிறோம், வந்ததுக்கு அப்புறம் அதிசயப்பட்டா அது மரியாதையா இருக்குமா.

பாட்டில் தீர்ந்ததும் திரும்ப போர்டுல ஏறிக்கிட்டாரு. அதுக்கப்புறம் தினமும் படையல்தான். அண்ணாச்சியைக் கிட்டத்துல பாத்தா உடம்பு பூராவும் கடுகு கடுகா வெளிச்சம், எல்லாருக்கும் தரையில நிழல் விழும், அவருக்கு வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்துல பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுச்சுங்க, மீன்காரம்மா கரண்ட் போன நேரத்துல மீன் ஆய்ஞ்சா, கண்டக்டர் அந்த ஸ்டாப்புக்கு 'தங்கப்பழம்'னே டிக்கெட் கிழிச்சான். சலூன்கடைக்காரர் ஆசையா ஷேவிங் பண்ணிவிட்டாரு, ஒரு முடியும் கீழ விழலை, ஆனா அண்ணாச்சி எழுந்திரிக்கையில கன்னத்தைத் தடவிப் பாத்துட்டு, "கடன்காரனுக்கு இனி என்னை அடையாளம் தெரியாது"ன்னாரு, கடைக்காரருக்கு அதுவே போதும். மகளிர் குழுப் பொம்பளைங்க கொடி பிடிச்சு கோஷம் போடப் போனாங்க, நானும்தான் போனேன், அண்ணாச்சி எங்க கொடிக்கம்பைக் கட்டிப்பிடிச்சு வீட்டுக்கு வழி கேட்டாரு, போன பொம்பளைங்க முந்தானையால வாயைப் பொத்திச் சிரிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தோம். வெக்கக்கேடு.

ஆனா சிரிப்பு முடிஞ்ச பிறகு வீட்டுல அடுப்பு எரியணுமில்ல. வேலைக்குப் போற ஆம்பளைங்க மத்தியானமே திரும்ப ஆரம்பிச்சாங்க. குடியை விட்டுத் தொலைச்சிருந்த தச்சு வேலைக்கார சேர்மக்கனி திரும்பத் தொட்டான். தங்கப்பழமே குடிக்கிறாரு, செத்த பிறகும் குடிக்கிறாரு, அவருக்கே ஒண்ணும் ஆகலைன்னு அதுக்கு ஒரு நியாயம். எங்க வீட்டு ஆளு அந்தப் போர்டடியே கதின்னு கிடந்தாரு. கௌதம் தம்பி வந்து பாத்துட்டு சந்தோஷத்துல பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டுட்டுப் போனான்.

மதினி மட்டும் அங்க போகலை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாக.

"ஏட்டி ஜெயக்கொடி, அங்க என்ன பேசுறாக?"

"என்ன பேசலைன்னு கேளுங்க. படத்துல பேசின அத்தனையும்தான்."

"பேசாம எப்பவாவது இருக்காகளா?"

"வாயை மூடினாத்தானே மதினி."

மதினி சொன்னாக. "அவுக வீட்டுல பேச மாட்டாகட்டி. எல்லாரும் என்கிட்ட கேப்பாக, வீட்டுலயும் இப்படித்தான் சிரிக்க வைப்பாரான்னு. நானும் ஆமான்னு சொல்லி வைப்பேன். மெட்ராஸ்ல இருந்து ரயிலேறி வருவாக, வந்ததும் அடுப்படியில, இந்தா, சிலிண்டர் பக்கத்துல சாஞ்சு உக்காருவாக, நான் காய் நறுக்குவேன். பொழுது அடையிற வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கும் பேசத் தோணாது. ஊருக்கெல்லாம் பேச்சைக் குடுத்துட்டு, பேசாம இருக்கிறதுக்குன்னு என்கிட்ட வருவாக. அது எனக்கு மட்டும்தான்னு எவ்வளவு பெருமையா இருக்கும் தெரியுமா. அதைத்தான் திரும்பப் பாக்கணும்னு இருக்கு. ஒரே ஒரு பொழுது போதும்."

கம்ப்யூட்டர்காரன் படத்துல இருக்கிற பேச்சையெல்லாம் அள்ளிட்டான், அடுப்படியில பேசாம இருந்ததை எவன் படம் எடுத்தான்.

மறுநாள் மதினி சீலை மாத்திக்கிட்டு முக்கு ரோட்டுக்கு வந்தாக. பாலத்துச் சுவர்ல இருந்தவங்க எழுந்திரிச்சு வழி விட்டாங்க. அண்ணாச்சி நிமிந்து பாத்தாரு, பாத்துட்டு, "அடியே அஞ்சலை, கதவைத் திற, திருடன் வரலை, உன் புருசன்தான் வந்திருக்கேன், ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை"ன்னாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அது ஏதோ ஒரு படத்துல ஏதோ ஒரு நடிகைகிட்ட சொன்னது. மதினி, "வீட்டுக்கு வாங்க"ன்னாக. அண்ணாச்சி அதே வசனத்தை இன்னொரு தடவை சொன்னாரு. அவருக்குப் படையல்தான் தெரியும், பாட்டில் வச்ச இடத்துக்குத்தான் வருவாரு, கூப்பிட்டா வரத் தெரியலை.

மதினி அங்க இருந்து நேரா ஒயின்ஷாப்புக்கு நடந்தாக. நான் பின்னாலயே ஓடுறேன், வேண்டாம் மதினி, நான் எங்க வீட்டு ஆளை வாங்கிட்டு வரச் சொல்றேன், நீங்க வரிசையில நிக்கக் கூடாதுன்னு கெஞ்சுறேன், காதுலயே வாங்கலை. வரிசையில நின்ன ஆம்பளைங்க ஒவ்வொருத்தனா தலையைக் குனிஞ்சு ஒதுங்கினாங்க. கம்பிக்குள்ள இருந்தவன், "என்ன வேணும் அத்தை"ன்னான். "அவுக கையில வச்சிருக்காகளே, அது"ன்னு போர்டைக் கைகாட்டினாக. தன் மாமனாரைக் குடி கொண்டுபோச்சுன்னு வீட்டுக்குள்ள மருந்துக்குக்கூட அந்த வாடையை அண்டவிடாத பொம்பளை, அந்தப் பாட்டிலை மஞ்சப் பையில போட்டு நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தாக. நான் அழுதுக்கிட்டே பின்னால வந்தேன்.

அண்ணாச்சி வந்தாரு. சொந்த வீட்டுக்குள்ள விருந்தாளி கணக்கா வந்து, சொந்தப் போட்டோவைப் பாத்து, "யாரப்பா இந்த அழகன், பொண்ணு பாத்தாச்சா"ன்னாரு. அடுப்படியில சிலிண்டர் பக்கத்துல மதினி பாய் விரிச்சிருந்தாக, அதுல உக்காந்து பேச ஆரம்பிச்சாரு, பேசினாரு, பேசினாரு, போலீஸ்காரனா நெனைச்சு அலமாரிகிட்ட பேசினாரு, பொண்டாட்டியா நெனைச்சு அண்டாகிட்ட பேசினாரு, எனக்கு சிரிப்பு முட்டிக்கிட்டு வந்து, வாயைப் பொத்தி அடக்கிக்கிட்டு வெளிய ஓடிட்டேன். மதினி சிரிக்கலை. வேணும்னு இல்லை, அவுகளுக்கு வரலை. வாயைப் பாத்துக்கிட்டே இருந்தாக, எப்ப மூடுவாகன்னு.

மறுநாள் முக்கு ரோட்டுல ஒரு சங்கதி நடந்துச்சு. பிள்ளைகள், "தாத்தா, அழகன் வசனம் சொல்லுங்க"ன்னு கேட்டதுக்கு அண்ணாச்சி வாயைத் திறந்தாரு, ஒண்ணும் வரலை. அண்டா வசனமும் வரலை. மதினி வீட்டுல பேசினது ஒண்ணுகூட வரலை. மதினி சிரிக்கவே இல்லைன்னு நான் சொன்னேன், அப்பத்தான் சலூன்கடைக்காரர் கண்டுபிடிச்சாரு. யாராவது சிரிச்சா அந்த வசனம் திரும்ப அண்ணாச்சிகிட்டயே போயிருது, சிரிக்கலைன்னா அங்கயே செத்துப்போகுது. முக்கு ரோட்டுல இத்தனை நாள் அத்தனை பேரும் சிரிச்சோம், அதனால ஒரு குறையும் தெரியலை. மதினி வீட்டுல சிரிக்க ஆளில்லை.

அன்னைக்கே கௌதம் தம்பி பறந்து வந்துட்டான். பின்னாலயே ஊரும் வந்துச்சு, மதினி வீட்டு வாசல் கொள்ளலை.

"மேடம், ஒரே ஒரு தடவை சிரிச்சிருங்க. பொய்யாவாவது சிரிங்க. பேச்சாலதான் அவரைச் செஞ்சிருக்கோம், வேற ஒண்ணும் உள்ள கிடையாது. பேச்சு தீந்தா அவர் இருக்க மாட்டார்."

மதினி கேட்டாக, "பேச்சு தீருமா?"

எங்க வீட்டு ஆளு மதினி காலடியிலயே உக்காந்துட்டாரு. "மதினி, சிரிச்சிருங்க மதினி. எங்களுக்கு வேற யாரு இருக்கா? வேலையில ஏச்சு, வீட்டுல ஏச்சு, சாயங்காலம் அந்த மனுசன் முகத்தைப் பாத்தா எல்லாம் மறந்துபோகுது." சேர்மக்கனி அழுதான். மீன்காரம்மாவும் கண்ணைத் துடைச்சா. நடு ரோட்டுல ஒரு ஊரே நின்னு ஒரு விதவைகிட்ட சிரிம்மா சிரிம்மான்னு கெஞ்சினதை நான் இந்தக் கண்ணால பாத்தேன். எனக்குக் கோவமும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு. அந்தக் கூட்டத்துல எங்க வீட்டு ஆளும் ஒருத்தர், அவருக்கு என்கிட்ட கிடைக்காத ஏதோ ஒண்ணு அந்த வெளிச்சத்துகிட்ட கிடைச்சிருக்கு, அதை நெனைச்சா எனக்கு இப்பவும் வலிக்கும்.

மதினி எல்லாரையும் பாத்துட்டு உள்ள போனாக. நானும் பின்னாலயே போனேன்.

"நான் சிரிச்சிட்டா கடைசி வரைக்கும் இருப்பாக, இல்லட்டி?"

"ஆமா மதினி."

"இதே மாதிரி."

"இதே மாதிரிதான்."

"தினமும் குடிச்சிக்கிட்டு, எவளோ ஒருத்தி பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டுக்கிட்டு." அப்புறம் அவுகளே சொன்னாக, "சிரிக்கலைன்னா போயிருவாக. ஏற்கெனவே ஒரு தடவை போனவுகதானே, அதை ஒரு தடவை தாங்கிட்டேன்." நான் அவுக கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

அதுல இருந்து தினமும் மத்தியானம் மதினி வீட்டுல படையல். சாயங்காலம் முக்கு ரோட்டுக்கு அண்ணாச்சி திரும்பிப் போகையில, முந்தின நாளைக்கு இருந்ததைவிட பேச்சு கொறைஞ்சிருக்கும். ஜனங்க ஜன்னலுக்கு வெளிய நின்னு, மதினிக்குப் பதிலா தாங்களே சிரிச்சு வசனத்தைக் காப்பாத்தப் பாத்தாங்க, மதினி ஜன்னலைச் சாத்திட்டாக. என்னை மட்டும் உள்ள விட்டாக, சிரிக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு. முந்தானையைச் சுருட்டி வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். சுலபமா அது? மனுசன் அப்படிப் பேசுவாரு. ஒரு தடவை வெறும் டம்ளரைக் காதுல வச்சு டெலிபோன் பேசினாரு, கலெக்டரை எழுப்பி, மழை பெய்யுது கொஞ்சம் நிறுத்துங்கன்னாரு, அப்ப மதினிக்கே உதடு துடிச்சிருச்சு. நான் பாத்தேன். சிரிச்சா நல்லா இருக்குமேன்னு அந்த நிமிசம் எனக்கும் தோணிச்சு, எங்க வீட்டு ஆளு எப்படிப் போனாலும் சரி, இந்த மனுசன் இருந்துட்டுப் போகட்டும்னு தோணிச்சு. மதினி பல்லைக் கடிச்சு, கண்ணு நிறைஞ்சு, சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டாக. கலெக்டர் வசனம் அன்னைக்கோட போச்சு.

பெரிய பெரிய வசனமெல்லாம் போச்சு, அப்புறம் சின்னச் சின்னது, அப்புறம் வெறும் விக்கல், ஏப்பம், இருமல். போர்டுல ராஜகம்பீரம் வசனமும் போச்சு, அண்ணாச்சி வாயை மட்டும் அசைச்சாரு. முக்கு ரோட்டுல கூட்டம் கொறைஞ்சுச்சு. எங்க வீட்டு ஆளு மட்டும் கடைசி வரைக்கும் அங்க போயி உக்காந்திருந்தாரு, குடிக்கக்கூட இல்லை, சும்மா உக்காந்திருந்தாரு.

கடைசி நாள் அண்ணாச்சி மதினி வீட்டு அடுப்படிக்கு வந்தப்போ பாட்டிலைத் தொடலை. பாயில உக்காந்தாரு. ஏதோ தேடுற மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாரு, அப்புறம், "ஒரு டீ"ன்னாரு. அது அவரோட முதல் படம், பேரு ஊரு தெரியாத பையனா டீக்கடை பெஞ்சுல உக்காந்து அந்த ஒரு வார்த்தை மட்டும் பேசினது, தள்ளாட்டம் எல்லாம் வர்றதுக்கு முன்னால. அதுக்கு அன்னைக்கும் யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க. அது முடிஞ்சதும் அவர்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லை.

சிலிண்டர் பக்கத்துல சாஞ்சு உக்காந்தாரு. ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, தலையைச் சுவர்ல வச்சு. அந்த மாதிரி அவரு எந்தப் படத்துலயும் உக்காந்து நான் பாத்ததில்லை. மதினி ஒரு மூச்சு விட்டாக. என்னைத் திரும்பிப் பாக்கலை, வெளிய போன்னும் சொல்லலை, நானாவே எழுந்திரிச்சு வந்துட்டேன். வர்றப்போ பாத்தேன், மதினி அவரைத் தொடாம, அவரு பக்கத்துல அதே மாதிரி சுவர்ல சாஞ்சு, மடியில அவரைக்காயை வச்சு ஒவ்வொண்ணா நார் உரிச்சுக்கிட்டு இருந்தாக. அடுப்படி பூராவும் அந்த வெளிச்சம், ஒரு சத்தம் இல்லை.

பொழுது அடைஞ்சுச்சு. போர்டுல ஒரு மேசை, மேசை மேல ஒரு கிளாஸ், பின்னால ஆள் இல்லை. கௌதம் தம்பி மதினிக்குப் போன் மேல போன் போட்டுப் பாத்தான், யாரும் எடுக்கலை. மதினி வீட்டு அடுப்படி ஜன்னல் இடுக்குல வெளிச்சம் மெல்ல மெல்ல கொறைஞ்சு இருட்டாச்சு. அதுக்கப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு.

மதினி அழுதாக. வாய்விட்டு, பேரைச் சொல்லி, தரையில அடிச்சு அடிச்சு அழுதாக. அண்ணாச்சி செத்தப்போ மெட்ராஸ்ல இருந்து வண்டி வண்டியா ஆளு வந்து, ரசிகன், நடிகன், மந்திரின்னு அழுறதுக்கு அத்தனை கூட்டம், பொணத்துகிட்ட நிக்கவே மதினிக்கு இடம் கிடைக்கலை, எல்லாரும் அவுக அவுக தங்கப்பழத்துக்கு அழுதாங்க, மதினி கண்ணுல அன்னைக்கு ஒரு சொட்டு வரலைன்னு ஊரு பேசுச்சு. இப்பத்தான் அவுக முறை வந்திருக்கு.

சத்தம் கேட்டு ஜனங்க ஓடி வந்தாங்க, முன்னால எங்க வீட்டு ஆளு. நான் மதினி வீட்டுக் கதவைச் சாத்திட்டு வாசப்படியில உக்காந்துக்கிட்டேன், ஒருத்தரையும் உள்ள விடலை.